ஓரம் கிழிக்காத தாள்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் குடைச்சல் எழுதுவது. நானும் இவளும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இன்னும் மாடிப்படியைத் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறாயா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவும் போய்விட்டாள், பள்ளிக்கூடமும் உன்னை அனுப்பிவிட்டது. இனி அந்த மாடிப் போர்ஷனில் தனியாக உட்கார்ந்து யாருக்குக் காவல்? இங்கே வாசல் பக்கத்து அறையைக் காலி செய்துவிட்டேன். வெளிச்சம் உண்டு, படி கிடையாது. நீ வந்து எங்களோடு இரு. சுவருக்கு என்ன நிறம்? அலமாரி எந்தப் பக்கம்? கட்டில் உயரமா, தாழ்வா? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். இவளும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இன்னொரு சேதி. என் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் நினைவிருக்கிறதா? கீபோர்டுக்குள்ளேயே மூளை இருக்கும், டி.வி.யில் சொருகினால் எழுத்து தெரியும், நீகூட "பேய் பிடிச்ச டைப்ரைட்டர்" என்பாயே, அதுதான். ஆபீஸில் ஒரு சீரியல் பிரிண்டரைக் குப்பையில் போடப் பார்த்தார்கள். எழுத்துகள் ஒரே ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து அச்சாகும் வகை. தோளில் வைத்துத் தூக்கி வந்துவிட்டேன். இவள் பார்த்துவிட்டு, "இதுக்கும் சேர்த்து நான்தான் தூசி தட்டணும், இல்லையா?" என்றாள். கம்ப்யூட்டரோடு இணைத்துத் தமிழில் அடிக்க வைக்கப்போகிறேன். கட்டம் போட்ட தாளில் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து மெஷினுக்குள் ஏற்றிவிட்டேன். ‘ழ’ மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் முறைக்கிறது.

எப்போது வருகிறாய்?

உன் அன்புத் தம்பி


ஜனவரி 25

அன்புள்ள குடைச்சலுக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். உங்கள் இருவர் நலமும் எழுதினாய், மகிழ்ச்சி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று தரம் மறுத்து எழுதி, மூன்றையும் கிழித்துப் போட்டேன். அதற்குமேல் மறுக்கத் தெம்பில்லை. வருகிறேன். ஜூன் முடிவில் காலி செய்வதாகக் கீழ்வீட்டு உரிமையாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு வாயெல்லாம் பல். "நல்லதாப் போச்சு டீச்சர், என் அக்கா மகன் குடும்பம் இடம் தேடுது. ஆனா பேச்சு மாறக்கூடாது, நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்திருவேன்" என்றாள். நானும் தலையாட்டினேன்.

இப்போதெல்லாம் மாலையில் விளையாட்டுத் திடலைச் சுற்றி நடக்கிறேன். அம்மா படுக்கையில் இருந்த வருஷங்களில் ஒரு மாலைகூட முழுதாக வெளியே நின்றதில்லை. இப்போது யாரும் "எங்கே போனாய்" என்று கேட்பதில்லை என்பதே விநோதமாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல். உன் மனைவிக்கு இதில் உண்மையாகவே சம்மதமா? "இவளும் கேட்கிறாள்" என்று நீ எழுதுகிறாய், அவள் ஒரு வரி எழுதவில்லை. வகுப்பில் ஒருவன் எழுந்து, "எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு டீச்சர்" என்றால், மற்றவர்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று அர்த்தம். ஆகவே அவளை ஒரு வரி எழுதச் சொல்.

சுவருக்கு வெள்ளை போதும். கட்டில் தாழ்வாக.

ஆசிகளுடன்,
அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு.

தம்பி எழுதுவது. இங்கு இருவரும் நலம். அங்கு உன் நலம் வேண்டுகிறேன்.

பதில் எழுதத் தாமதம். வேலை அதிகம். இந்தக் கடிதம் பிரிண்டரில் அடித்தது. இணைப்பது சுலபமாக இல்லை. முதலில் ஒன்றுமே வரவில்லை. இரண்டு மெஷினும் பேசுவது ஒரே ஒயரில், கேட்பதும் ஒரே ஒயரில். இரண்டு பேரும் ஒரே ஒயரில் பேசினால் யாருக்கும் கேட்காது. ஒயரைக் குறுக்காக மாற்றி, ஈயம் உருக்கிச் சால்டரிங் செய்த பிறகு எழுத்து வந்தது. ஆனால் கிறுக்கல். வேகம் ஒத்துப்போகவில்லை. அதைச் சரி செய்ததும் கடிதம் முழுவதும் ஒரே வரியின் மேல் அடித்தது. தாளை ஒரு வரி மேலே தள்ளு என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. அதற்கு உள்ளே ஒரு சின்ன சுவிட்ச். அதுவும் ஆயிற்று.

இனி இப்படித்தான் எழுதுவேன். பேனாவை விட இது வசதி.

தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. நான் நலம். நீங்கள் நலம் என்று உன் மெஷின் சொல்கிறது. நம்புகிறேன் என்று வைத்துக்கொள்.

இரண்டு மாதத்துக்கு மேல் பதில் இல்லை. வந்ததும் ஒரு பாடக் குறிப்பு. அதிலும் ஓர் எழுத்தின் தலையில்கூடப் புள்ளி இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்துக்கொண்டுதான் படித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் எனக்குத் திருத்த வேலை கொடுத்தாய்.

தாளின் ஒரு பக்கத்தில் துளை போட்ட ஓரத்தைக் கிழித்திருக்கிறாய், மறு பக்கத்தில் அது அப்படியே தொங்குகிறது. உறைமேல் முகவரி உன் மனைவியின் கையெழுத்து. உன் பெயரும் மெஷினில்தான் அடித்திருக்கிறது. இதில் உன் கை பட்ட இடம் எது?

உனக்குத் தெரியும், என் உத்தியோகத்தில் பாதி, பொய் விடுப்புக் கடிதம் பிடிப்பது. அப்பா எழுதியதாக அண்ணன் எழுதுவான், அம்மா எழுதியதாக அவனே எழுதுவான். உண்மையாகக் காய்ச்சல் வந்த பிள்ளையின் கடிதத்தில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் இருக்கும். பொய்க் கடிதத்தில்தான் காய்ச்சல் எத்தனை மணிக்கு வந்தது, எந்த டாக்டர், என்ன நிற மருந்து எல்லாம் இருக்கும். உன் கடிதத்தில் ஒயர், சுவிட்ச், வேகம் எல்லாம் இருக்கிறது. அறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் வருவதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

முனைக்கடையிலிருந்து போன் செய்தேன். உன் மனைவி எடுத்தாள்.

"அவர் குளிக்கிறார் அண்ணி."

"குளிக்கட்டும்மா, நான் லைன்ல இருக்கேன்."

"தலைக்கு ஊத்திக்கிறார், நேரமாகும்."

"அவன் தலைக்கு என்னம்மா நேரமாகும்? துடைச்சா ஆச்சு, கண்ணாடி மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. பின்னால் யாரோ எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. "யாரும்மா அது?" என்றேன். "யாருமில்லையே" என்று வைத்துவிட்டாள். குளியலறையிலிருந்து வருகிற சத்தம் அப்படி இருக்காது.

ஜூனில் நான் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வரலாமா, கூடாதா?

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு.

தம்பி எழுதுவது. இருவரும் நலம். உன் முழங்கால் நலம் பெற வேண்டுகிறேன்.

புள்ளி வராத காரணம் உன் கடிதத்தால் தெரிந்தது. பிரிண்டரின் தலையில் மேலிருந்து கீழாக எட்டு ஊசிகள். அவைதான் மைநாடாவைக் குத்திப் புள்ளி புள்ளியாக எழுத்தை அடிக்கின்றன. கம்ப்யூட்டர் ஏழு ஊசிக்கு மட்டும் சேதி அனுப்பியிருக்கிறது. மேல் ஊசி சும்மா இருந்திருக்கிறது. நம் எழுத்தின் புள்ளியெல்லாம் அதன் பொறுப்பு. இப்போது எட்டும் வேலை செய்கின்றன.

வழுக்கை பற்றி எழுதியிருந்தாய். சிரித்தோம்.

நீ அறையைப் பற்றிக் கேட்டாய். அறை ............................ என்று அவள் சொல்கிறாள். நான் ............................................ நீ இங்கே வருவது ........................................................ அம்மாவுக்கு ............................ ஆகையால் வருத்தப்படாதே.

தம்பி


மே 10

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். மற்ற நலமெல்லாம் உன் பதிலைப் பொறுத்தது.

"கோடிட்ட இடங்களை நிரப்புக" என்று ஆயிரம் வினாத்தாள் தயாரித்திருக்கிறேன். எனக்கே ஒருவன் வினாத்தாள் அனுப்புவான் என்று நினைக்கவில்லை. நிரப்பிப் பார்த்தேன். "அறை வேறு வேலைக்கு வேண்டும் என்று அவள் சொல்கிறாள். நான் என்ன செய்ய முடியும். நீ இங்கே வருவது சரிப்படாது. ஆகையால் வருத்தப்படாதே." கச்சிதமாகப் பொருந்துகிறது. "அம்மாவுக்கு" என்பதை அடுத்து என்ன வரும் என்றுதான் விளங்கவில்லை. அம்மாவை எதற்கு இதில் இழுத்தாய்?

மெஷின்மேல் பழி போடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நம் பள்ளியின் அறிவியல் ஆசிரியரைத் திடலில் பார்த்தபோது கேட்டேன். கம்ப்யூட்டர் வேகமாகச் சொல்லும், பிரிண்டர் மெதுவாக எழுதும், நடுவில் கொஞ்சம் தவறிப்போகும் என்றார். எனக்கு உடனே புரிந்தது. நான் சொல்வதெழுதுதல் நடத்தும்போது, கடைசி பெஞ்சுக்காரன் கையைத் தூக்கி "டீச்சர், இருங்க" என்பான். நான் நிறுத்துவேன். உன் பிரிண்டரும் கையைத் தூக்கியிருக்கும். அந்தத் தூக்கிய கையைக் கம்ப்யூட்டருக்குக் காட்டுகிற ஒயரை நீ இணைக்கவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊசியைப் பற்றி எழுதிய இடத்தில் ஓர் எழுத்துக்கூடத் தவறவில்லை. நான் வருவதைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் தவறியிருக்கிறது. இவ்வளவு நாசூக்கு தெரிந்த மெஷினை நான் பார்த்ததில்லை.

மறுபடியும் போன் செய்தேன். "ஒயர் வாங்கக் கடைக்குப் போயிருக்கார் அண்ணி." ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் மூடியிருக்கிற நேரம். பின்னால் அதே தட்டல்.

வீட்டுக்காரம்மாள் நேற்று மாடிக்கே வந்துவிட்டாள். "அவங்க வந்து ஜன்னலுக்குத் திரை அளவெடுத்துட்டுப் போயாச்சு டீச்சர். நீங்க இன்னும் ஒரு பெட்டிகூடக் கட்டலையே. போறீங்களா, இல்லையா?" நான் புத்தகங்களைப் பிரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். இந்த வயதில் நானும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கடிதத்தில் பேனாவால் உன் கையெழுத்தைப் போடு. மெஷின் என்ன சொன்னாலும், அதன் கீழே உன் கையெழுத்து இருந்தால் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு.

தம்பி எழுதுவது. நலம். உன் நலம் வேண்டுகிறேன்.

நீ சொன்னது சரி. கை தூக்கும் ஒயர் விட்டுப்போயிருந்தது. இப்போது இருக்கிறது. பிரிண்டர் இரு என்றால் கம்ப்யூட்டர் நிற்கிறது. இந்தக் கடிதத்தில் ஓர் எழுத்தும் விடுபடாது.

வாசல் அறை ஒழுகுகிறது. கூரையைப் பிரித்துச் செய்ய வேண்டும். மழைக்காலம் போகட்டும். இப்போது வர வேண்டாம். வீட்டைக் காலி செய்யாதே. வீட்டுக்காரம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள். மாலையில் நடப்பதை விடாதே. அது உனக்கு நல்லது.

இவள்மீது கோபப்படாதே.

பேனாவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தம்பி


ஜூன் 4

மெஷின் முன்னால் உட்காருகிறவருக்கு,

நலம் விசாரிக்க ஒன்றுமில்லை, ஏனென்றால் நான் யாரோடு பேசுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மே மாதக் கடைசியில் வந்த கடிதத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். கீழே உள்ள கையெழுத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன். பக்கத்தில், பொய் விடுப்புக் கடிதங்களில் வழக்கமாக எழுதுவதையே எழுதியிருக்கிறேன்: "உரியவர் கையொப்பம் அல்ல. உரியவரிடம் பெற்று வரவும்."

என் தம்பியின் கையெழுத்து ஒரே இழுப்பு. பேனாவை எடுக்கவே மாட்டான், கடைசி வால் அடுத்த வரிக்குள் போய் இடிக்கும். இது நடுங்கி நடுங்கி, நான்கு இடத்தில் நின்று நின்று போயிருக்கிறது. ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வரைகிறவர்களின் கோடுதான் அப்படி நடுங்கும். நான் எத்தனை கண்டிருக்கிறேன்.

என் தம்பி மனைவிக்கு நேராகவே சொல்கிறேன். இதோ பாரம்மா, நான் வருவது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அதில் தவறில்லை. நாத்தனார் வந்து வீட்டில் நிரந்தரமாக உட்கார்வது யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அதை நீயே சொல்லியிருக்கலாம். அவன் பெயரில் கடிதம் அடித்து, அவன் கையெழுத்தை வரைந்து, "இவள்மீது கோபப்படாதே" என்று நீயே உனக்குச் சிபாரிசும் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த மாத முடிவுக்குள் என் தம்பியின் குரலைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் நான் இந்த வீட்டிலேயே இருந்துகொள்கிறேன், வீட்டுக்காரம்மாள் காலில் விழுந்தாவது. பிறகு உங்கள் வாசலைத் தேடி வர மாட்டேன்.

அக்கா


ஜூன் 13

அண்ணிக்கு வணக்கம்.

நான் எழுதுகிறேன். என் கையெழுத்தை உறையில் பார்த்திருக்கிறீர்கள், அதனால் சந்தேகம் வராது. நலமா என்று கேட்கத்தான் வேண்டும், கேட்கிறேன். இங்கே யாரும் நலமில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு. ஒரு மாதம் ஆஸ்பத்திரி. இப்போது நாற்காலியில் உட்காருகிறார். புத்தியெல்லாம் முன்போலவே தெளிவு. பேச வாயெடுத்தால் சொல் வருவதில்லை. உங்களைக் கூப்பிடப் பார்த்தால் ‘அ’ என்று வரும், அதற்குமேல் வராது. கோபம் வந்தால் இடது கையால் ஸ்டூலைத் தட்டுவார். போனில் நீங்கள் கேட்டது அதுதான். நான் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து தட்டினார். போனில் பொய் சொன்னது நான். சொல்ல வைத்தது அவர்.

கடிதமெல்லாம் அவர் எழுதியது. ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாக. ஒரு பக்கம் முடிக்க ஒரு வாரம் ஆகும். பாதியில் தூங்கிவிடுவார், விழித்ததும் விட்ட இடத்திலிருந்து அடிப்பார். சால்டரிங் மட்டும் நான் செய்தேன். அவர் விரலை நீட்டுவார், நான் அந்த ஒயரைத் தொடுவேன். தப்பானதைத் தொட்டால் தட்டுவார். என் வாழ்நாளில் பல்பு மாற்றியதில்லை, இப்போது என் விரலில் ஈயம் சுட்ட தழும்பு. தாளின் ஓரத்தைத் தானேதான் கிழிப்பதாகப் பிடிவாதம். முழங்கையால் தாளை அழுத்திக்கொண்டு ஒரு பக்கம் கிழிப்பார். மறு பக்கம் வராது. என்னைத் தொட விடமாட்டார்.

நீங்கள் கையெழுத்துக் கேட்டு எழுதிய பிறகு, பழைய செய்தித்தாளின் ஓரமெல்லாம் இடது கையால் எழுதி எழுதிப் பழகினார். அந்தக் கடிதத்தில் போட்டதுதான் அவருக்குப் பிடித்தது. என்னிடம் காட்டிவிட்டுச் சிரித்தார். அதைத்தான் நீங்கள் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பினீர்கள். பார்த்தார். தாளைக் குப்புற வைத்தார். அன்றிலிருந்து மெஷின் பக்கம் போகவில்லை.

அண்ணி, எனக்கும் கோபம் வரும். நான் உங்களை வேண்டாம் என்றேனா? ஆஸ்பத்திரியிலேயே, "அண்ணிய வரச் சொல்லலாம், என்னால தனியா முடியல" என்று அழுதவள் நான். மருந்துக்கடையில் என் வேலைக்கு லீவு போட்டுப் போட்டு, இப்போது வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். அவர்தான் விடவில்லை. உங்களுக்கு ஒரு வரி எழுத உட்கார்ந்தேன், பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். டி.வி. திரையில் அடித்துக் காட்டினார்: "அம்மாவுக்குச் செய்தது போதும். அக்கா வந்தால் மறுபடி அதேதான். அவள் நடக்கட்டும்." உங்கள் கோடிட்ட இடத்தில் விட்டுப்போனதும் அதுதான். "அம்மாவை எதற்கு இதில் இழுத்தாய்" என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, அதைத் திரும்ப அடிக்க அவருக்குப் பயம். அதனால் அறை ஒழுகுகிறது என்று அடித்தார். கூரை நன்றாகத்தான் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று.

இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பிறகு தெரிந்து தட்டினால் தட்டட்டும்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 20

அம்மாடி,

உனக்கென்று நான் எழுதும் முதல் கடிதம் இது. இத்தனை வருஷமும் அவன் கடிதத்தின் கடைசி வரியில்தான் உன்னை விசாரித்தேன். நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? எனக்குத் தெரியும், இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் வருகிறவர்கள் எல்லாரும் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்கள். அவளைத் தூக்கி உட்கார வைத்தவளைக் கேட்க மாட்டார்கள்.

உன் கடிதத்தைப் படித்த அன்று நடக்கப் போகவில்லை. நான் செய்ததற்கு மன்னிப்பு என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு மேலே போவது சுலபம். அதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும், உன் முகத்துக்கு நேராகவும். ஆகவே அதை இங்கே எழுதவில்லை.

அவன் நினைத்ததில் பாதி சரி. நான் களைத்துத்தான் போனேன். ஆனால் எதனால் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு வருஷம் எங்கள் பள்ளியில் ஆளில்லாமல் இரண்டு வகுப்பை ஒன்றாக்கி என்னிடம் கொடுத்தார்கள். பிள்ளைகளால் எனக்குக் களைப்பு வரவில்லை. மணி அடித்ததும் உள்ளே வந்து, "நீங்க போங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல ஆளில்லை, அதுதான் என்னை முறித்தது. அம்மா விஷயத்திலும் அப்படியே. இப்போது நாம் இரண்டு பேர் இருக்கிறோம். காலை எனக்கு, நீ மருந்துக்கடைக்குப் போ. மாலை உனக்கு, நான் நடக்கப் போவேன். நடப்பதை விடப்போவதில்லை, அவனிடம் சொல். உங்கள் தெருவில் நடக்க இடமில்லை என்றால் அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடப்பேன். திட்டிக்கொண்டே தள்ளுவேன்.

வீட்டுக்காரம்மாளிடம் சாவியைக் கொடுக்கும் தேதி சொல்லியாயிற்று. "நிச்சயமா டீச்சர்?" என்றாள். "நிச்சயம்" என்றேன். "உங்க தம்பி ஒருவழியா வரச் சொல்லிட்டாரா?" என்றாள். "அவன் சொல்லல, அவன் பொண்டாட்டி சொன்னா" என்றேன்.

இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டு. தட்டுவான். தட்டட்டும்.

ஜூலை இரண்டாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். பெட்டி கனம், யாரையாவது ஸ்டேஷனுக்கு அனுப்பு.

அண்ணி


ஜூன் 27

அண்ணிக்கு வணக்கம்.

நான் சாப்பிட்டேன். நேற்று கொஞ்சம் தூங்கினேன். நீங்களும் ரயிலில் வெறும் வயிற்றோடு வராதீர்கள்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நீங்கள் சொன்ன மாதிரியே தட்டினார். ஸ்டூலின் ஒரு கால் ஆடுகிறது. பிறகு மெஷினைப் போடச் சைகை காட்டினார். இத்தனை நாள் அதன் பக்கமே போகாதவர் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார். ‘வராதே’ என்றுதான் தொடங்கினார். முடித்துவிட்டு, பிரிண்டரில் தாளைப் போடு என்று விரலை நீட்டினார். நான் போடவில்லை.

"எனக்கு வேலையிருக்கு. அவங்க வந்து திரையிலயே படிச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

முறைத்தார். பிறகு அதன் கீழேயே மேற்கொண்டு அடிக்கத் தொடங்கிவிட்டார். நேற்று முழுக்க என் சால்டரிங்கைப் பற்றிப் புகார். இன்று காலை, அலமாரியை எந்தப் பக்கம் வைப்பது என்று இரண்டு பத்தி. இப்போது எதைப் பற்றி என்று எனக்குக் காட்டவில்லை, கையால் மறைத்துக்கொள்கிறார். மெஷினை அணைத்தால் எழுதியதெல்லாம் போய்விடும் என்று அணைக்கவும் விடவில்லை. டி.வி.யில் வேறெதுவும் பார்க்க வழியில்லாமல் நானும் அந்த வெளிச்சத்தில்தான் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். அந்தப் பழைய மெஷினுக்குள் அதிக எழுத்து கொள்ளாதாம் அண்ணி, நிரம்பிக்கொண்டு வருகிறது என்று விரலால் காட்டுகிறார். அதில் இடம் தீர்வதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள் தம்பி மனைவி